எட்டு நம்பர், இடது கால்

பின்னால் போய் நின்று, ஆள் அசந்திருக்கும் நேரம் பார்த்து, முதுகில் இரண்டு விரல்களை வைத்து ஒரு தள்ளு தள்ளுகிறார் ரெங்கராஜ். தள்ளப்பட்டவர் ஆறடிக்கு மேல் உயரமுள்ள ஜெர்மானியர். அவர் தடுமாறி, இடது காலை முன்னால் ஊன்றி, யாரென்று திரும்பிப் பார்ப்பதற்குள் ரெங்கராஜ் கவுன்டருக்கு உள்ளே போய் பூட்ஸ் அடுக்கைத் துழாவிக்கொண்டிருக்கிறார்.

"லெப்ட்டு," என்கிறார் தனக்குத் தானே. "பதினொண்ணு. குதிகால் ஒல்லி."

பனிச்சறுக்குப் பலகையில் ஏறுகிறவர் நேராக நிற்பதில்லை. பஸ் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு போகிறவரைப் போலப் பக்கவாட்டில் நிற்கிறார். இரண்டு பாதங்களும் ஒரே பலகையோடு சேர்த்து வாரால் பூட்டப்பட்டிருக்கும். எந்தக் கால் முன்னால் போக வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். உலகமெங்கும் இதை வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ரெங்கராஜுக்கு வாயில் நம்பிக்கை இல்லை.

"கேட்டா யோசிச்சுச் சொல்லுவாங்க சார். யோசிச்சாத் தப்பா வரும். தள்ளுனா காலு தன்னால சொல்லிப்புடும்."

ரெங்கராஜுக்கு நாற்பத்திரண்டு வயது. அருப்புக்கோட்டைக்குப் பக்கம். வேலை பார்ப்பது துபாய் முடிந்து சார்ஜா தொடங்கும் இடத்தில், ஒரு சின்ன மாலுக்குள் இருக்கும் சின்னப் பனிச்சரிவில். ஊரறிந்த பெரிய பனிச்சரிவு வேறு. அது திறந்த அன்று பார்த்துவிட்டு வந்து பொறாமையில் தூக்கம் கெட்ட ஒரு முதலாளி, இரண்டே வருடத்தில் கட்டி முடித்த சரிவு இது. நீளம் குறைவு, கூட்டம் குறைவில்லை. உள்ளே மைனஸ் மூன்று. வெளியே, இதை நான் எழுதும் ஜூலை மாதத்தில், நாற்பத்தாறு. இரண்டுக்கும் நடுவே பூட்ஸ் கவுன்டர் இருக்கிறது. அங்கே குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு ரெங்கராஜ் இருக்கிறார்.

மூன்று வருடமாக அவருடைய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனி கொட்டிக் கிடக்கிறது. அவர் ஒரு நாளும் அதில் கால் வைத்ததில்லை. ஊழியர்களுக்கு மாதம் ஒரு முறை இலவசம் என்று சுற்றறிக்கை கூட உண்டு.

"எதுக்கு சார்? அது என்ன மண்ணா? நம்பி நிக்க முடியாது."

ஷிப்ட் முடிந்ததும் தொழிலாளர் கேம்ப் பஸ் வர பத்து நிமிடம் ஆகும். மற்றவர்கள் நிழலுக்கு ஓடும்போது இவர் மட்டும் குல்லாவைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, கார் நிறுத்துமிடத்தின் நடுவில் போய் வெயிலில் நிற்பார். உடம்பைக் காயப் போடுவது என்று அதற்குப் பெயர். அறைக்குப் போனால் அங்கே பதினாறில் ஏ.சி.யை வைத்துவிட்டு மற்ற ஐந்து பேரும் போர்வைக்குள் சுருண்டிருப்பார்கள். ஊரில் அவர் மனைவி ராக்கம்மா, கணவர் ஐஸ் கம்பெனியில் இருப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். பால் ஐஸா, சேமியா ஐஸா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டதற்கு அவரால் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

மனிதர்களை ரெங்கராஜ் முழங்காலுக்குக் கீழேதான் அடையாளம் வைத்துக்கொள்கிறார். முகம் அவருக்கு உபரி. பர் துபாயில் ஒரு மளிகைக் கடை வாசலில் அவரை முதலில் பார்த்தபோது, நான் வணக்கம் சொன்னேன். அவர் என் செருப்பைப் பார்த்தார். "சார் எட்டரை. வலது காலு ஒரு நூல் பெருசு. அதான் கட்டைவிரல் ஓரம் தேஞ்சிருக்கு." அன்றைக்குப் பிறகு நாலு தடவை சந்தித்துவிட்டோம். இப்போதும் என் பெயர் அவருக்குத் தெரியாது. எட்டரை என்றால் தெரியும்.

இந்தக் கால் ஞானத்துக்கு அவர் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. பனிக்கு வருவதற்கு முன் பதினொரு வருடம் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். கான்கிரீட் போடுவதற்கு முன் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, அவை சந்திக்கும் ஒவ்வொரு முனையிலும் மெல்லிய கட்டுக்கம்பியைச் சுற்றி, ஒரு கொக்கியால் முறுக்கி இறுக்குகிற வேலை. அந்தக் கொக்கி இன்னும் அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. மரப் பிடி வைத்த, நுனி வளைந்த, ஒரு சாண் இரும்பு. பூட்ஸ் கயிற்றை அதில் மாட்டி இழுத்து இறுக்குகிறார். ஐரோப்பாவிலிருந்து வந்த விலை உயர்ந்த பூட்ஸின் கயிறு, தூத்துக்குடிப் பட்டறையில் செய்த கொக்கிக்குக் கட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்தால் உலகமயம் என்பது என்னவென்று ஒரு மாதிரியாகப் புரிகிறது.

சோதனைகள் மூன்று. முதலாவது தள்ளுவது. இரண்டாவது, பூட்ஸைக் கட்டி முடித்ததும் எதிரே நின்று, "யல்லா பாய், நீச்சே பைட்டோ," என்று குத்த வைக்கச் சொல்வது. கந்தூரா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குத்த வைக்கும் அரபு இளைஞர்கள், முட்டி மடங்காமல் மேசையைப் பிடித்துத் தொங்கும் ஆங்கிலேயர்கள், பனிக் கோட்டோடு பொத்தென்று உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க ஆள் தேடும் குஜராத்தி மாமிகள் எல்லோருக்கும் ஒரே உத்தரவுதான். குத்த வைக்கும்போது பூட்ஸுக்குள் குதிகால் எழும்பினால் சைஸ் தப்பு, மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது சோதனை எல்லோருக்கும் கிடையாது. எப்போதாவது கால் பிசகியதுண்டா என்று கேட்டு, உண்டு என்றால் அந்தக் காலை எடுத்துத் தன் தொடையில் வைத்துக்கொண்டு, வெளிப்பக்கக் கணுவுக்குக் கீழே கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவது. அழுத்தும்போது காலைப் பார்க்க மாட்டார். அந்த ஒரு தடவை மட்டும் முகத்தைப் பார்ப்பார். முகம் சுருங்கினால் அடுக்கை ஒரு முறை பொய்யாகத் துழாவிவிட்டு, உதட்டைப் பிதுக்கி, "சைஸ் மாஃபி," என்பார். இல்லை, தீர்ந்துவிட்டது.

"பொய்தான சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"காலு சரியில்லன்னு சொன்னா, நீ யாருடாம்பான். சைஸு இல்லன்னா சரிம்பான். ரெண்டும் ஒண்ணுதான் சார், அவன் மேல ஏறல."

ஏன் கணுக்கால், ஏன் அந்த இடம் என்று கேட்டால் கவுன்டரில் இருப்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இடது உள்ளங்கையைப் பலகையாக்கி, வலது முஷ்டியை அதன் மேல் காலாக நிறுத்துவார்.

"ஸ்கீன்னு ரெண்டு குச்சி மாட்டிக்கிட்டுப் போறான் பாருங்க, அவன் பூட்ஸு சிமெண்டுக் குழாய் மாதிரி. கணுக்கால் அசையாது. அசையலன்னா வெயிட்டு மேல ஏறி முட்டியப் புடிக்கும். பலகக்காரன் பூட்ஸு மெத்துன்னு இருக்கும். நடக்கச் சொகம். ஆனா கணுக்கால் உள்ள அசையும். எங்கயாச்சும் போயித்தான சார் ஆவணும் வெயிட்டு?" இங்கே முஷ்டி முன்பக்கமாக மடங்கும். "குதிச்சு எறங்குறான். பாதம் மேல மடங்குது. மடங்குனா மட்டும் ஒண்ணுமில்ல. பாதம் ஒரு பக்கமாச் சாயுது. சாஞ்சா மட்டும் சுளுக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல வந்துச்சுன்னு வைங்க," முஷ்டி மடங்கிக்கொண்டே சாயும், "உள்ள ஒரு எலும்பு இருக்கு, அதோட வெளி மூலை மாட்டிக்கிட்டு நசுங்கும். மின்னங்காலுதான் மொதல்ல வாங்கும். அதுக்குத்தான் தள்ளிப் பாக்குறது. அந்தக் காலுக்கு ரெண்டு இழுப்பு சாஸ்தி."

எனக்குத் தெரிந்த எலும்பு மருத்துவர் ஒருவரிடம் இதை ஒப்பித்தேன். அந்த எலும்புக்குத் தாலஸ் என்று பெயர் என்றார் அவர். கணுக்காலுக்கும் குதிகாலுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பது. அதன் வெளி மூலை உடைவது மற்றவர்களுக்கு அபூர்வம், பலகையில் சறுக்குகிறவர்களுக்கு அவ்வளவு அபூர்வமில்லை. வீங்கும், வலிக்கும், நடக்கவும் முடியும். சாதாரண எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது. சுளுக்கு என்று கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஸ்கேன் எடுத்தால்தான் உண்டு. "யார் சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டார். கம்பி கட்டுகிறவர் என்றேன். மருத்துவர் பேச்சை மாற்றிவிட்டார்.

ரெங்கராஜ் இதைப் படித்தது தன் இடது காலில். இரண்டாயிரத்தில் அபுதாபி சைட்டில், ஆறடி உயரத்திலிருந்து குதித்தார். விழவில்லை, குதித்தார், டீ வந்துவிட்டது என்று அவசரம். கீழே கிடந்த பலகையின் விளிம்பில் பாதம் பட்டு மடங்கிச் சாய்ந்தது. பனி இல்லை, சரிவு இல்லை. பலகை மட்டும் இருந்தது, அது போதுமாக இருந்தது. கேம்ப் டாக்டர் சுளுக்கு என்றார், தைலம் கொடுத்தார். மூன்றாம் நாள் டூட்டி. எட்டு மாதம் கழித்து லீவில் போனபோது மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், மூலை உடைந்து, கோணலாகச் சேர்ந்து, எலும்பு தன் வேலையை முடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சமதரையில் அவர் நடப்பதில் ஒன்றும் தெரியாது. ஏணியில் ஏறச் சொன்னால் தெரியும். ஒவ்வொரு படியிலும் இடது கால் ஒரு கணம் யோசிக்கும்.

அதனால்தான் இந்தக் கவுன்டர் அவருக்கு வெறும் வேலை இல்லை. ஆள் சப்ளை கம்பெனி அவரை இங்கே அனுப்பியிருக்கிறது. வேண்டாமென்று இங்கிருந்து திருப்பி அனுப்பினால் மறுபடியும் சைட்தான். மூன்று வார்னிங் லெட்டர் சேர்ந்தால் ஆளைத் திருப்பி அனுப்புவது இங்கே வழக்கம். சென்ற வருடக் கடைசியில் ரெங்கராஜ் கணக்கில் இரண்டு இருந்தன.

"சாரத்துல ஏறுற காலு இல்ல சார் இது," என்றார் ஒரு நாள், மிகச் சாதாரணமாக, சாக்ஸுக்கு மருந்து அடித்துக்கொண்டே. "ஏறுனா ஒரு நா எறங்காமக் கீழ வந்துருவேன்."

இரண்டு லெட்டரையும் கொடுத்தவர் சாதிக் பாட்ஷா. கீழக்கரைக்காரர். ஷிப்ட் சூப்பர்வைசர். நல்ல மனிதர், அதுதான் சிக்கல். முன்பு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வரிசைகளை மேய்த்துக்கொண்டிருந்தவர். அங்கே ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு நிமிடம் என்று விதி. இங்கே வரும்போது அந்த விதியையும், கழுத்தில் தொங்கும் ஸ்டாப் வாட்சையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். அரிசி மூட்டையும் கணுக்காலும் அவருக்கு ஒரே வரிசை. ரெங்கராஜ் ஓர் ஆளுக்கு ஆறு நிமிடம் எடுத்துக்கொள்கிறார். முதல் லெட்டர் ஒரு பெரிய இடத்து அம்மாளை முதுகில் தள்ளியதற்காக. இரண்டாவது, பெருநாள் அன்று வரிசை ஐஸ்கிரீம் கடை வரை போனதற்காக.

"என்னாப்பா ரெங்கராஜு, பூட்ஸ் குடுக்குறியா, பொண்ணு பாக்குறியா?" என்பார் வாட்சைத் தட்டிக்கொண்டே.

"கால் பாக்குறேன் பாய்."

"ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள எதைப் பாக்க முடியுமோ அதைப் பாரு."

போன டிசம்பரில் சாதிக் பாட்ஷாவின் மனைவி அஸ்மத் பீவியும் இரண்டு மகள்களும் விசிட் விசாவில் வந்து அல் நாதாவில் இருக்கும் அவர் வீட்டில் இறங்கினார்கள். வாப்பாதான் பனி மலைக்கே பொறுப்பு என்று மகள்களுக்கு அவர் போனில் சொல்லிவைத்திருந்தார். அப்படியானால் வாப்பா சறுக்குவாரா என்று அவர்கள் கேட்டுவிட்டார்கள். சறுக்குவாராம். வரும் வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்கு, அவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாமாம்.

செவ்வாய்க்கிழமை காலை, கூட்டம் வருவதற்கு முன், சாதிக் பாட்ஷா ஒத்திகைக்கு வந்தார். எட்டு நம்பர் கேட்டார். ரெங்கராஜ் பின்பக்கம் போகப் பார்த்தார். "தள்ளுறது கிள்ளுறது எல்லாம் வேணாம். கட்டு," என்று வாட்சை அமுக்கினார். ரெங்கராஜ் கட்டினார். தள்ளவில்லை, குத்த வைக்கச் சொல்லவில்லை. ஒரு நிமிடம் ஐம்பது வினாடி.

"பாத்தியா! முடியுதுல்ல!"

"முடியுது பாய்."

அரை மணி நேரத்தில் இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். சரிவின் பாதியில் ஒரு சின்ன மேடு உண்டு. பயிற்சியாளர் அதைச் சுற்றிப் போகச் சொல்லியிருந்தார். இவர் மேலேறிப் போனார். பலகை ஒரு முழ உயரம் காற்றில் எழும்பி, முன்பக்கமாக இறங்கியது. இடது கால்.

பக்கத்துக் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். உடைப்பு இல்லை, சுளுக்கு, ஐந்து நாள் துணிக்கட்டு என்றார்கள். மறுநாளே டூட்டிக்கு வந்துவிட்டார். இடது காலுக்கு மட்டும் ரப்பர் செருப்பு, கழுத்தில் வாட்ச்.

ரெங்கராஜ் அவருடைய அறைக்குள் போனார். கூப்பிடாமல் அவர் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்.

"பாய், காலைக் காட்டுங்க."

"டாக்டர் பாத்தாச்சுப்பா."

"அவுக படம் பாத்தாக. நான் காலைப் பாக்குறேன்."

சாதிக் பாட்ஷா பதில் சொல்வதற்குள் ரெங்கராஜ் மேசைக்கடியில் குனிந்து பாதத்தைப் பிடித்துவிட்டார். கணுவுக்கு முன்னால் அழுத்தினார். சாதிக் பாட்ஷா சும்மா இருந்தார். கணுவின் நுனிக்கு நேர் கீழே, ஒரு விரல் அகலம் தள்ளி அழுத்தினார். சாதிக் பாட்ஷா எழுப்பிய சத்தம் டிக்கெட் கவுன்டர் வரை கேட்டது.

"முன்னால வலிச்சா சுளுக்கு பாய். கீழ வலிக்குது. எலும்பு. ஸ்கேன் எடுத்துருங்க."

"நீ என்ன டாக்டரா? எங்கே படிச்ச?"

"அபுதாபியில."

அந்தப் பதில்தான் அவரைக் கிளப்பிவிட்டது. மேலதிகாரியின் உடம்பில் அனுமதியின்றிக் கை வைத்தல் என்று மூன்றாவது லெட்டர் அன்று மாலையே டைப் ஆகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி. "வெள்ளிக்கிழமை முடியட்டும்," என்றாராம்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நானும் அங்கே இருந்தேன். கவுன்டருக்கு எதிரே காபிக் கடை ஒன்று உண்டு. சூடான ஒரே இடம். பெரிய மகள் கேமராவோடு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றாள். அஸ்மத் பீவி துப்பட்டாவுக்கு மேல் ஒரு சால்வையும் போர்த்தி, பனியை நம்பாத கண்களோடு பார்த்துக்கொண்டிருந்தார். சாதிக் பாட்ஷா நொண்டாமல் வந்தார். நொண்டாமல் நடக்க ஒரு மனிதர் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பது அவருடைய கழுத்து நரம்பில் தெரிந்தது. சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது.

"எட்டு நம்பர்," என்றார்.

இங்கேதான் ரெங்கராஜ் மாட்டிக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் "சைஸ் மாஃபி" போதும். ஆனால் அந்த அடுக்கில் எட்டு நம்பர் எத்தனை ஜோடி இருக்கிறது என்று எழுதி வைத்திருப்பவரே எதிரே நிற்கிறார். மூன்று வருடமாகக் கைகொடுத்த பொய், வேண்டிய நேரத்தில் உதவவில்லை.

ரெங்கராஜ் திரும்பினார், எடுத்தார், ஒரு பூட்ஸைக் கவுன்டர் மேல் வைத்தார். வலது கால்.

"இன்னொண்ணு?"

"இது மட்டுந்தான் பாய்."

"எங்கே அது?"

"இருக்கு."

"எங்கேப்பா இருக்கு?"

"என் காலுக்குக் கீழ."

எட்டிப் பார்த்தேன். இடது கால் பூட்ஸைத் தரையில் படுக்கப் போட்டு, அதன் மேல் தன் இடது பாதத்தை வைத்து நின்றுகொண்டிருந்தார். கையில் கொக்கி. அதை மிரட்டுவதற்காக வைத்திருக்கவில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தார்.

சாதிக் பாட்ஷா குரலைத் தாழ்த்தினார். "ரெங்கராஜு, புள்ளைங்க பாக்குது."

"தெரியுது பாய்."

"பையில என்ன இருக்குன்னு தெரியுமா?"

"அதுவும் தெரியும். கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பூட்ஸு தர மாட்டேன்."

வரிசையில் பின்னால் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஸ்டாப் வாட்ச் ஓடவில்லை. ஓடியிருந்தால் இரண்டு நிமிடம் எப்போதோ தாண்டியிருக்கும். அப்போதுதான் அஸ்மத் பீவி கவுன்டருக்கு வந்தார்.

"என்னங்க, ஒத்தக் காலுக்கு மட்டும் குடுக்குறாக?"

"ஒண்ணுமில்ல, நீ போய் நில்லு."

"இல்லம்மா," என்றார் ரெங்கராஜ். அவர் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசியதை நான் அன்றுதான் கண்டேன். "பாய்க்குக் காலு எலும்பு போயிருக்கு. படத்துல தெரியல. ஸ்கேன்ல தெரியும். இப்ப ஏறி எறங்குனா மூலை பேந்துரும். எனக்குப் பேந்துச்சு. எனக்குச் சொல்ல ஆள் இல்ல."

அஸ்மத் பீவி கணவரைப் பார்த்தார். "சும்மா தடுக்குனதுன்னுல்ல சொன்னீக?"

"சுளுக்குதான் புள்ள."

"அப்ப நடங்க. இங்கேருந்து அந்தத் தூண் வரைக்கும். நான் பாக்குறேன்."

சாதிக் பாட்ஷா தூணைப் பார்த்தார். அது பதினைந்தடி தூரத்தில் இருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரைக் கவுன்டர் கவுன்டராக ஓட வைத்தவர், அந்தப் பதினைந்தடியை நின்ற இடத்திலிருந்தே அளந்தார். பிறகு மெதுவாக முழங்கையைக் கவுன்டரில் ஊன்றினார். மூன்றரைக்கு நால்வரும் டாக்ஸியில் ஏறினார்கள். சின்ன மகள் மட்டும் வாப்பா எப்போது சறுக்குவார் என்று கேட்டபடியே போனாள்.

ஸ்கேனில் தெரிந்தது. தாலஸின் வெளி மூலையில் ஒரு கீறல், இன்னும் இடம் விட்டு நகரவில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு, பாதத்தைத் தரையில் ஊன்றக் கூடாது. நகர்ந்திருந்தால் ஆபரேஷன் என்றாராம் மருத்துவர். மகள்களுக்கு வாப்பாவின் மாவுக்கட்டு பனி மலையைவிடப் பிடித்துப்போனது. நாலு ஸ்கெட்ச் பேனாவால் அதில் ஒரு பனி மலையே வரைந்துவிட்டார்கள்.

மூன்றாவது லெட்டரில் கையெழுத்து விழவில்லை. மன்னிப்பு, நன்றி போன்ற சொற்கள் சாதிக் பாட்ஷாவின் பதவியில் கிடையாது. அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். ஆறு வாரமும் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, 'கணுக்கால் பாதுகாப்பு நடைமுறை' என்று ஒன்றை எழுதினார். படி ஒன்று, தள்ளுதல். படி இரண்டு, குத்த வைத்தல். படி மூன்று, அழுத்திப் பார்த்தல். ஒவ்வொன்றுக்கும் படம். கீழே 'தயாரித்தவர்: சாதிக் பாட்ஷா'. நிர்வாகம் அவரைப் பாராட்டியது. ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்பது ஐந்து நிமிடமாக மாறியது. ரெங்கராஜின் ஆறாவது நிமிடம் மட்டும் இன்னும் சட்டவிரோதம்.

நடைமுறை வந்தால் பயிற்சி வகுப்பும் வந்துதானே ஆக வேண்டும். பூட்ஸ் கவுன்டர் ஊழியர் எட்டுப் பேரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்று நோட்டீஸ் போட்டார்கள். எட்டில் ஒருவர் ரெங்கராஜ்.

"கோவம் வரலியா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? மூணு வருசமா நான் சொன்னேன், ஒருத்தன் கேக்கல. அவுக ஒரு தாளுல எழுதுனாக, எட்டுப் பேரு கேக்குறான்." கொஞ்சம் யோசித்தார். "படத்துல பெருவெரலு தப்பான எடத்துல இருக்கு. அதான்."

வகுப்பு ஒரு திங்கட்கிழமை காலை நடந்தது. எனக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. சாதிக் பாட்ஷா ஊன்றுகோலோடு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். கழுத்தில் வாட்ச் இல்லை; ஊன்றுகோலில் தொங்கியது. காகிதங்களை விநியோகித்தார். சிக்கனக்காரர், ஒரு பக்கம் அச்சான பழைய தாள்களின் மறுபக்கத்தில்தான் நகல் எடுத்திருந்தார். எனக்கு வந்தது பழைய ஷிப்ட் பட்டியல். ரெங்கராஜுக்கு எது வந்ததென்று நான் பார்க்கவில்லை. அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், திரும்பவும் திருப்பி, ஏற்கனவே இருந்த மடிப்பிலேயே நாலாக மடித்துக் கொக்கியோடு பையில் வைத்துக்கொண்டார்.

தள்ளுதல் முடிந்தது. குத்த வைத்தல் முடிந்தது, சிரிப்போடு. மூன்றாவதுக்கு ஒரு கால் தேவைப்பட்டது.

"ரெங்கராஜு, இங்க வாப்பா."

ரெங்கராஜ் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலின் சாக்ஸைக் கழற்றி, சாதிக் பாட்ஷாவின் தொடைமேல் வைத்தார். பதினோரு வருடத்துக்கு முன் உடைந்த கால். சாதிக் பாட்ஷா எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அதைத் திருப்பி, கணுவுக்கு முன்னால் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல பாய்."

"பாத்துக்குங்க. வலிக்கலன்னா எலும்பு நல்லா இருக்குன்னு அர்த்தம். இதான் டெஸ்ட்டு."

ஏழு பேரும் குறித்துக்கொண்டார்கள். ரெங்கராஜ் கையை நீட்டி, சாதிக் பாட்ஷாவின் கட்டைவிரலைப் பிடித்தார். அதைக் கணுவின் நுனிக்கு நேர் கீழே, ஒரு விரல் அகலம் நகர்த்தி வைத்து, அதன் மேல் தன் கட்டைவிரலையும் வைத்து அழுத்தினார். ரெங்கராஜின் முகம் சுருங்கியது. எழுதிக்கொண்டிருந்த ஏழு பேரும் ஒவ்வொருவராக நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்து முடிக்கும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.